மூன்று நாள் லீவுக்கு மறுநாள்

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என்னை இரண்டு பேர் அரிசி மூட்டையைப் போலத் தூக்கிக்கொண்டுபோய் இருங்காட்டுக்கோட்டை கம்பெனிக்குள் இறக்கிவைத்தார்கள். அன்று மாலை ஏழு மணிக்கு, பன்னிரண்டு மணி நேரம் பிரஸ் மெஷின் முன்னால் நின்று நாலாயிரம் கார் கதவுத் தகடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே கேட்டுக்கு வெளியே வந்து குத்தாட்டம் ஆடினேன். பெங்களூர் ஹைவேயில் இரண்டு கிலோமீட்டருக்கு டிராபிக் நின்றது. லாரி டிரைவர்கள் இறங்கி விசிலடித்தார்கள். தாண்டிப்போன கன்டெய்னர் லாரி ஒன்று என் ஆட்டத்தைப் பார்க்க ரிவர்ஸில் வந்தது.

நம்ப மாட்டீர்கள், தெரியும். எங்கள் ஊர் பென்னலூரில் யாரும் நம்பவில்லை. ஆனால் 'நான் அங்கேயே இருந்தேன், அது அப்படி நடக்கவில்லை' என்று அடித்துச் சொல்லும் ஆள் ஒருவன்தான் இருந்தான். என் மனைவி அமலாவின் தம்பி, என் மச்சான் சிவசங்கர். அப்போது அவன் எங்கள் பிரஸ் ஷாப்புக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர். அவன் கதை சின்னது.

"ஆயுத பூஜைக்கு மூணு நாள் லீவு. மாமா சரக்குல கெடந்தாரு. காலைல போதை எறங்கல, அதான் தூக்கினு வந்தாங்க. சாயந்தரம் மறுபடி ஏத்திக்கினாரு, அதான் ஆடுனாரு. அவ்ளோதான் மேட்டரு."

பதினேழு வருடமாக அவன் கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதை நம்புவது சுலபம். என் வாயில் பொய் தாராளமாகப் புழங்கியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சரக்கு புழங்கியதில்லை. மோரில் இஞ்சி கொஞ்சம் கூடிவிட்டாலே எனக்குத் தலை சுற்றும். இதை அமலாவிடம் சொன்னால், "மோர்ல இஞ்சி போட்டா தலை சுத்துதுன்னு சொல்ற வாயி, வேற இன்னாதான் சொல்லாது?" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு இப்போது அறுபத்தொரு வயது. முதுகுவலிக்கு இருபத்தெட்டு.

இந்த இருபத்தெட்டு வருடத்தில் நான் பூசிய தைலத்தை ஊற்றினால் செம்பரம்பாக்கம் ஏரிக்கு ஷட்டர் திறக்க வேண்டியிருக்கும். இடுப்புக்கு பெல்ட், கழுத்துக்கு பட்டை, புத்தூர் கட்டு, கரண்ட் வைத்தியம், முதுகில் ஏறி மிதிக்கும் ஓர் ஆள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டர் கட்டாந்தரையில் மூன்று வாரம் அசையாமல் படுக்கச் சொன்னார். படுத்தேன். மூன்றாவது வாரம் முடிவில் எது தரை எது ராஜாமணி என்று அமலாவுக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லா டாக்டர்களும் அனுப்பிவைக்கும்போது சொன்ன கடைசி வார்த்தை ஒன்றுதான்: ரெஸ்ட் எடுங்க.

அந்த ரெஸ்டுதான் என் எமன்.

படுத்து எழுந்தால் முதுகு இரும்புக் கம்பி. விடியற்காலையில் வலி எழுப்பிவிடும், எழுந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். கம்பெனி பஸ் ஏறி, லைனில் நின்று, ஒரு மணி நேரம் தகடு தூக்கினால் கம்பி மெல்ல இளகும். மத்தியானம் நான் மனிதன். சாயந்தரம் மகாராஜா. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு ஆள் கேட்டால் முதல் கை என் கைதான். பொங்கலன்றுகூட ஓ.டி. உண்டா என்று கேட்டவன் நான். கூட வேலை செய்தவர்கள் காறித் துப்பினார்கள். 'ஓ.டி. ராஜாமணி' என்று பெயர் வைத்தார்கள். அமலா வேறு மாதிரி நினைத்தாள். வீட்டில் இருக்கும் நாளெல்லாம் முனகுகிறான், கம்பெனிக்குப் போனால் குஷியாக வருகிறான். இவனுக்கு வலி முதுகில் இல்லை, வீட்டில் இருக்கிறது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சோறு போடும் சத்தத்தில் சொல்லுவாள்.

வேலை செய்தால் வலி போகிறது, படுத்தால் வருகிறது என்று ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லத்தான் செய்தேன். சொன்ன விதம்தான் தப்பு. 'ரெண்டு டன் தூக்குனா சரியாயிடும் சார், தலையணைய தூக்குனா செத்துருவேன்' என்றால் எந்த டாக்டர் எழுதிக்கொள்வார்?

ரிட்டயர் ஆக நாலு வருடம் இருக்கும்போது சிவசங்கர் ஒரு நல்ல காரியம் செய்தான். அக்கா புருஷன் கஷ்டப்படுகிறாரே என்று மேனேஜரிடம் பேசி, லைனிலிருந்து எடுத்து, இன்ஸ்பெக்ஷன் டேபிளில் உட்காரவைத்தான். மெத்தை வைத்த ஸ்டூல். வருகிற தகட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நாலு வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து என் கழுத்தும் போனது. ரோடு தாண்ட வேண்டுமென்றால் வலது பக்கம் பார்க்க உடம்பு மொத்தத்தையும் கிரேனைப் போலத் திருப்ப வேண்டும். அமலாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்ப்பாள். "திரும்பவும் லைன்லயே நிக்க வைடா" என்று மச்சானிடம் கெஞ்சினேன். "ஸ்டூல் குடுத்தா லைன் கேக்கற ஒரே ஆள் நீதான் மாமா" என்று சிரித்தான். பிறகு ரிட்டயர்மென்ட். நாள் முழுக்க ரெஸ்ட்.

போன மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். தண்டலம் தாண்டி உள்ள ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், திங்கட்கிழமை. நான் சரி என்றேன். சரி என்று சொல்லக் காரணம் ஒன்றும் பெரிதில்லை, களைப்புதான். முதுகைத் திறந்து பார்த்தாலாவது உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்லுவாரே என்று இருந்தது.

வியாழக்கிழமை மயக்க மருந்து டாக்டரிடம் போய் உடம்பு தாங்குமா என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். சிவசங்கர் அரை நாள் லீவு போட்டு காரில் அழைத்துப்போனான். எக்ஸ்ரே பையை அவன் தூக்கிக்கொண்டான். அது அரிசி மூட்டையைவிடக் கனம்.

மயக்க மருந்து டாக்டர் கறாரான ஆள். "வாயைத் திறங்க. தலையைப் பின்னால சாய்ங்க."

"சாய்ச்சிட்டேன் சார்."

"நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"இதுதான் சார் முடிவு."

அவர் எழுந்து வந்து என் தலையைப் பிடித்துப் பார்த்தார். டேப்பை மார்பில் சுற்றி மூச்சை இழுக்கச் சொன்னார். நான் இழுத்த இழுப்பில் அறையில் இருந்த காலண்டர் பறந்திருக்க வேண்டும். டேப் ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை.

"மயக்கம் குடுத்தா தொண்டைக்குள்ள குழாய் விடணும். இந்தக் கழுத்தை வச்சிக்கிட்டு எப்படி விடறது? இவரை இதுவரைக்கும் மூட்டுவாத டாக்டர் யாராவது பாத்தாங்களா?"

"மூட்டு நல்லாத்தான் சார் கீது, முதுகுதான்" என்றாள் அமலா.

"முதுகுலயும் மூட்டு இருக்கும்மா. மூணாவது மாடிக்குப் போங்க. அவங்க பாத்து சரின்னு எழுதினா திங்கக்கிழமை செய்யலாம்."

மூன்றாவது மாடியில் ஸ்டீல் நாற்காலிகள். எங்கள் டோக்கன் முப்பத்தேழு, உள்ளே போயிருப்பது பதினாலு. இரண்டரை மணி நேரம். பத்து நிமிடம் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் தாங்கியது. எழுந்து காரிடாரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். எல்லோர் முகத்திலும் ஒரே களைப்பு. கை விரல் வளைந்த ஒரு அம்மாள் டோக்கனை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பிடித்திருந்தாள். பேச்சுக் கொடுத்தேன். அவளிடம் எதையும் கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை. நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நேரம் வந்ததில்லை.

"குந்துய்யா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் அமலா.

"முதுகுல ஆபரேஷனாம், ஆனா மாமா ரவுண்டு அடிக்கிறத பாருக்கா" என்றான் சிவசங்கர். "நேரா மாரத்தான்ல சேத்துவுடலாம்."

"ஒங்கக்காவ தூக்கினு ஓடுவேன்டா. கப்பு எனக்கு, சீரு நீ செய்யணும்."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து டாக்டர் என் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் கவிப்பிரியா. முப்பத்தைந்து வயது இருக்கும், எங்களைவிட அவர்தான் களைத்துப்போயிருந்தார். ஆறிப்போன டீயின் மேல் ஆடை கட்டியிருந்தது. என்னைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார். முதுகு ஒட்டியது, பின்னந்தலை ஒட்டவில்லை. இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தார். குனியச் சொன்னார். பழைய எக்ஸ்ரேக்களை ஒவ்வொன்றாக விளக்கு முன் பிடித்துப் பார்த்தார்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"நாங்க நெலத்தை கம்பெனிக்குக் குடுத்தோம், அது எனக்கு வலியைக் குடுத்துது மேடம்."

"அப்ப உங்களுக்கு எத்தனை வயசு?"

"எனக்கு முப்பத்திமூணு. வலிக்கு முன்னூறு இருக்கும்."

"காலைல எழுந்ததும் எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கும்?"

"எங்க வூட்டுக் கோழி முட்டை வச்சி, அது பொரிச்சி, அந்தக் குஞ்சு சேவலாயி கூவுற வரைக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, நீங்க சொல்றத அப்படியே எழுதினா என்னைத்தான் வேற டாக்டர்கிட்ட அனுப்புவாங்க." அமலா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இவர் சொல்றதுல எவ்வளவு நிஜம்?"

"நூத்துல ஒண்ணு நெசம் மேடம். எந்த ஒண்ணுன்னுதான் முப்பத்திரெண்டு வருஷமா தெரியல."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எக்ஸ்ரேயைக் காட்டினார். என் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு நின்றன.

"எலும்பு இப்படிச் சேர்றதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, வயசானா சிலருக்கு சும்மாவே கூடிப்போகும். இன்னொண்ணு, சின்ன வயசுலயே வர்ற ஒரு வாதம். உடம்பு தன் முதுகெலும்பையே எதிரின்னு நினைச்சு வீங்கவைக்கும். வருஷக்கணக்கா வீங்கி வீங்கி, கடைசில எலும்பு ஒட்டிக்கும். உங்க வயசுல படத்தை மட்டும் வச்சு எதுன்னு உறுதியா சொல்ல முடியாது. இடுப்புக் கூட்டுக்கு ஸ்கேன் எழுதறேன், ரத்தமும் எழுதறேன். ரிப்போர்ட் வர புதன் ஆயிடும்."

"ஆபரேஷன் திங்கக்கிழமை" என்றான் சிவசங்கர்.

"அதான். ரெண்டாவதா இருந்தா உங்க வலிக்குக் காரணம் டிஸ்க் இல்ல. அறுத்தும் வலி போகாது. இந்தக் கழுத்தோட மயக்கம் குடுக்கறது வேற ஆபத்து. அந்த வாதத்துக்கு மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு, தினம் செய்ய பயிற்சி இருக்கு. ஒட்டினது ஒட்டினதுதான், மிச்சத்தைக் காப்பாத்தலாம். இப்பவே சர்ஜனுக்கு போன் பண்ணி நிறுத்துங்கன்னு சொல்லணும்னா எனக்கு ஒரு ஆதாரம் வேணும். இளவயசுல வலி எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். அந்த வாதத்துக்கு ஒரு குணம் உண்டு. ஓய்வு எடுத்தா கூடும். வேலை செஞ்சா குறையும்."

இருபத்தெட்டு வருடமாகத் தெருத்தெருவாகக் கூவியும் விற்காத பண்டத்தை, ஒரு கடைக்காரியே கூப்பிட்டு, 'அது உங்ககிட்ட இருக்கா?' என்று கேட்ட மாதிரி இருந்தது.

"இருக்கு மேடம்" என்றேன். அந்தத் திங்கட்கிழமையைச் சொன்னேன்.

என்னால் முடிந்த அளவு கூட்டிச் சேர்க்காமல் சொன்னேன். மூன்று நாள் லீவு, மூன்று நாளும் படுக்கை. திங்கள் காலை எழ முடியவில்லை. கம்பெனிக்குப் போனால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும், அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாப் போய்விட்டேன். பஸ் கம்பெனி வாசலில் நின்றபோது படி இறங்க முடியவில்லை. பாபு என்று கூட வேலை செய்த ஆள் வலது பக்கம் தூக்கினான். இடது பக்கம் தூக்கியது யார் என்று எனக்குத் தெரியாது. கழுத்து அன்று திரும்பவில்லை. பிறகு பாபுவைக் கேட்டேன், 'யாரோ' என்றான், அடுத்த மாதமே வேலையை விட்டு ஓசூர் பக்கம் போய்விட்டான். பிரஸ் முன்னால் நின்றேன். பத்து மணிக்கு மேல் இளகியது. ஓ.டி.யும் பார்த்தேன். வெளியே வந்தபோது எதிரில் சாமி ஊர்வலத்துக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு லேசாக இருந்தது. ஆடினேன்.

"எத்தனை தகடு?" என்றார் டாக்டர்.

"நாலா..." என்று ஆரம்பித்து, "ஆயிரத்துக்கு மேல இருக்கும் மேடம், எண்ணல" என்றேன்.

அமலாவின் முகம் இறுகியது. "அது கணக்குல வராது மேடம். அன்னிக்கு இவரு குடிச்சிருந்தாரு."

"குடிச்சிருந்தா வலி தெரியாது. அப்ப அதை நான் எடுத்துக்க முடியாது." டாக்டர் என்னைப் பார்த்தார். "குடிச்சீங்களா?"

"இல்ல மேடம்."

சொன்னது நான். அதனால் அந்த அறையில் அந்த வார்த்தைக்கு ஒரு பைசா எடை இல்லை. இத்தனை வருடம் ஊரைச் சிரிக்கவைக்க நான் அடித்த அத்தனை புளுகும் வரிசையில் வந்து என் எதிரே உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தன.

"அப்ப கூட இருந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"இவன்தான் சூப்பர்வைசரு" என்று அமலா தம்பியைக் காட்டினாள். "இவன்தான் எங்கிட்ட வந்து சொன்னான், குடிச்சிட்டு ஆடுனாருன்னு."

சிவசங்கர் கதவோரம் எக்ஸ்ரே பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, அவன் நெற்றியில் வேர்வை. நான் உடம்பை மொத்தமாகத் திருப்பி அவனைப் பார்த்தேன். நாற்காலி கிறீச்சிட்டது.

"சொல்லுங்க சார்" என்றார் டாக்டர். "வெளிய இன்னும் இருபது பேர் இருக்காங்க."

"லெஃப்ட் சைடு தூக்குனது நான்தான் டாக்டர்" என்றான்.

டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

"நான் சூப்பர்வைசர் ஆயி ரெண்டு மாசம். அன்னிக்கு டிஸ்பாட்ச், லோடு போயே ஆவணும். லைன்ல ஏற்கெனவே ரெண்டு பேர் லீவு. மாமாவும் இல்லன்னா லைன் நிக்கும். நடக்க முடியாத ஆள ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்குத்தான் அனுப்பணும், அதான் ரூல். நான் அனுப்பல. பாபுகிட்ட வெளிய சொல்லாதடான்னு சொல்லிட்டு, நானே ஒரு கை புடிச்சி லைன்ல கொண்டாந்து நிறுத்தினேன்."

"குடிச்சிருந்தாரா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனால வாய்கிட்ட மூக்க வச்சி மோந்து பாத்தேன். பல்பொடி வாசனைதான் வந்துச்சு." பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "கண்ணுல தண்ணி ஊத்திக்கினு இருந்துச்சு இவருக்கு. சத்தமே இல்ல."

"அப்புறம் எதுக்குடா எங்கிட்ட அப்படிச் சொன்ன?" என்றாள் அமலா. அவள் குரல் எழும்பவில்லை. "நான் ஒரு மாசம் அவரோட பேசலடா. கோயில்ல நிக்கவச்சி கற்பூரத்துல சத்தியம் வாங்குனேன்."

"ஒடம்பு சரியில்லாத ஆளுன்னு ஒத்துக்கினா, அவர பன்னெண்டு மணி நேரம் பிரஸ்ல நிறுத்துன பாவி நான்னு ஆயிடும்கா. குடின்னு சொன்னா அது மாமாவோட போயிடும்." அவன் என்னைப் பார்க்கவில்லை. "சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஆயிப்போச்சு. ஸ்டூல் வாங்கிக் குடுத்தேன் பாரு, அதுகூட அந்த உறுத்தல்லதான் குடுத்தேன். அதுவும் இவருக்கு வினையாப் போச்சு."

அமலா என் பக்கம் திரும்பினாள். கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்தபோது, 'கம்பெனியில வலி போவுது, வூட்ல வருது' என்று நான் சொன்னதைக் கேட்டு அவள் அழுத அழுகை எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும். என் சட்டைக் காலர் மடங்கியிருந்ததை நிமிர்த்திவிட்டாள். என்னால் குனிந்து அவள் கையைப் பார்க்க முடியவில்லை. காலரில் அந்த விரல் கொஞ்ச நேரம் இருந்தது.

டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். இன்னொரு கையில் போன் ரிசீவர். சர்ஜன் அறை எண்ணை அழுத்துவதற்கு முன்னால் சிவசங்கரைப் பார்த்து, கோர்ட்டில் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"மூணு நாள் படுத்ததுக்கு அப்புறம் காலைல தூக்கிட்டு வந்தது, பன்னெண்டு மணி நேரம் வேலை செஞ்சது, சாயந்தரம் தானா நடந்து வெளிய போனது. இதெல்லாம் நடந்துச்சுன்னு உங்க பேர்ல எழுதிக்கலாமா?"

என் மச்சான் எக்ஸ்ரே பையைக் கீழே வைத்தான்.

"நடந்து போவல டாக்டர், ஆடிக்கினே போனாரு. நான் கேட்டாண்ட நின்னு பாத்தேன். நடந்துச்சு. எழுதிக்கங்க."